ஸ்டிக்கர் கடைகளில் லூசில் வாங்கும் ஸ்பிரிட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலின் பெயர் நாளிதழ்களில் வரும்போதெல்லாம் கள்ளச்சாராயச் சாவுகளோடு சேர்ந்தே வருகிறது. குடிப்பதற்காக அல்லாமல் துடைப்பதற்காகவும் அதே திரவம், பெயர் சொல்லப்படாமலேயே, எங்களைப் போன்ற சைன் போர்டு கடைகளுக்கும் ஸ்டிக்கர் கடைகளுக்கும் வந்து சேர வழியிருக்கிறது. இதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்கும், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கவனத்துக்கும், எங்களுக்குச் சரக்கு விற்கும் வணிகர்களின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். மதுரையில் தூரிகையும் எனாமல் பெயின்ட்டும் கோலோச்சிய காலத்தில் இத்தொழிலுக்கு வந்து, இப்போது வினைல், அக்ரிலிக், எல்.இ.டி. எழுத்து வேலைகளைச் செய்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பெயர்ப்பலகைக் கடைக்கு ஆல்கஹால் எதற்கு என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கக்கூடும். வினைல் ஸ்டிக்கரின் பின்பக்கம் இருக்கும் பசை, நாம் ஸ்க்வீஜி என்ற தட்டையான தேய்ப்பானால் அழுத்தித் தேய்க்கும் அழுத்தத்தில்தான் பலகையைப் பிடிக்கிறது. அந்தப் பசைக்கும் பலகைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், பசை பிடிப்பது அந்தப் பிசுக்கைத்தானே தவிர பலகையை அல்ல. பலகைக்குப் பயன்படும் ஏ.சி.பி. என்ற அலுமினிய ஷீட்டின் பாதுகாப்புத் தாளை உரிக்கும்போது அதில் மிஞ்சும் பசைத் தடமும், ஷீட்டைத் தூக்கிவரும் கைகளின் வியர்வையும், பேருந்து, வேன் போன்ற வாகனங்களில் பூசியிருக்கும் பாலிஷும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஒட்டிய அன்று பலகை கண்ணாடிபோல் இருக்கும். ஒரு கோடையின் வெயிலும் அடுத்து வரும் ஐப்பசி மழையும் பட்ட பிறகு, எழுத்தின் முனைகள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் புழுதி புகுந்து கறுப்பு விளிம்பு கட்டும். வாடிக்கையாளர் ஸ்டிக்கர் மட்டம் என்பார், கடைக்காரர் வெயிலைக் குறை சொல்வார். பெரும்பாலும் குறை இருப்பது ஒட்டுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில்தான்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு உரிய திரவம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். எங்கள் வழக்கில் ஐ.பி.ஏ. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், தண்ணீரோடு முழுவதும் கலக்கும், தன் தடம் எதையும் விட்டுவைக்காமல் ஆவியாகும் என்ற மூன்று குணங்களும் ஒருங்கே இருப்பதால்தான் இது இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால், இது அழுக்கை அகற்றும் திரவம் அல்ல என்பதை இளைஞர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். புழுதி படிந்த பலகையில் நேரடியாக ஸ்பிரிட் துணியைப் போட்டுத் தேய்த்தால், புழுதி சேறாகிப் பரவுவதோடு, மணல் துகள் பெயின்ட்டின் மேல் கீறலும் போடும். முதலில் மென்மையான சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு ஈரம் போக உலர்த்தல், அதற்குப் பிறகே ஆல்கஹால் என்பதே சரியான வரிசை.

எழுபது சதவீத ஐ.பி.ஏ.வும் முப்பது சதவீதத் தண்ணீரும் கலந்த கலவையே இந்தத் துடைப்புக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது. சுத்தமான 99 சதவீதச் சரக்கே உயர்ந்தது என்று நினைத்து அதை அப்படியே பயன்படுத்துகிறவர்கள் உண்டு; எங்கள் ஊர் வெயிலில், சுட்டுக்கொண்டிருக்கும் தகட்டில் அது பட்ட கணமே பறந்துவிடுவதால், பிசுக்கைக் கரைக்க அதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. தண்ணீர் சேர்ந்திருந்தால் சற்று நின்று வேலை செய்யும். ஆனால், அந்தத் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருக்கக் கூடாது. அதிலுள்ள உப்பு, ஆல்கஹால் பறந்த பிறகு பலகையில் வெள்ளைப் படலமாகத் தங்கும். பிசுக்கை எடுத்துவிட்டு உப்பைப் பூசிய கதையாகிவிடும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் இதற்குப் போதும். அதற்கு அதிகச் செலவும் இல்லை.

துடைக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு கையில் ஐ.பி.ஏ. நனைத்த துணி, மறு கையில் உலர்ந்த துணி என்று இரண்டு துணிகள் வேண்டும். ஈரத்துணியால் ஒரு முழ அகலத்தைத் துடைத்தவுடன், அந்த ஈரம் தானாகக் காய்வதற்கு முன்பே உலர்ந்த துணியால் அதை எடுத்துவிட வேண்டும். தானாகக் காய விட்டால், கரைந்து மேலே வந்த எண்ணெய், ஆல்கஹால் மட்டும் பறந்துபோக, அதே இடத்தில் மறுபடியும் படிந்துவிடும், கரைத்தது வீண். துணியைப் பொறுத்தவரை, திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டைத்தான் நாங்கள் எல்லோரும் வாங்குகிறோம். அதில் வெள்ளைத் துணியை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு முறை வெந்நீரில் அலசிக் காயவைத்துப் பயன்படுத்தினால் நல்லது. சாயத் துணியை ஆல்கஹாலில் நனைத்தால் சாயம் இறங்கிப் பலகையில் ஏறுகிறது. வெள்ளை ஏ.சி.பி. ஷீட்டில் இளஞ்சிவப்பாக ஒரு தடம் விழுந்து, அதை நீக்க மேலும் ஸ்பிரிட் ஊற்றி, அது இன்னும் பரவிய பலகையை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் நாங்கள் வாங்குவது ஐ.பி.ஏ.தான் என்ற நிலையில் பொருந்தும். என் கவலையே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சிறு கடைக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும். கெமிக்கல் வியாபாரிகளிடம் சரக்கு பெரிய கேன்களிலும் பீப்பாய்களிலும் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போய்ப் பில்லோடு வாங்கிவரலாம். சிற்றூர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவர்கள் பக்கத்துப் பெயின்ட் கடையிலோ வேறு எங்கோ "ஒரு லிட்டர் ஸ்பிரிட் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டு, குடிதண்ணீர் வந்த பழைய பாட்டிலில் ஊற்றி வாங்கி வருகிறார்கள். அந்தப் பாட்டிலின் மேல் இருப்பது தண்ணீர் நிறுவனத்தின் பெயர். உள்ளே இருப்பது என்ன என்பதற்கு விற்பவரின் வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரமில்லை.

ஸ்பிரிட் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வது ஒரே பொருளை அல்ல. குடிக்க முடியாதபடி வேறு பொருட்கள் கலந்த எத்தனாலாகிய டினேச்சர்டு ஸ்பிரிட்டும், மருந்துக்கடையில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டும், ஐ.பி.ஏ.வும், மெத்தனாலும், இவற்றில் இரண்டு கலந்ததும் அந்தப் பெயரில் கைமாறக்கூடியவை. பெரும்பாலும் நிறமற்றவை, எல்லாமே பட்டவுடன் கையைக் குளிர்விப்பவை. மணத்தில் சிறிது வேறுபாடு உண்டு என்றாலும், நாள் முழுவதும் தின்னர் மணத்தில் நிற்கும் ஒரு தொழிலாளியின் மூக்கை நம்பி நஞ்சைப் பிரித்தறிய முடியாது. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒரு மில்லி லிட்டரின் எடை ஐ.பி.ஏ.வுக்கு 0.786 கிராம், எத்தனாலுக்கு 0.789, மெத்தனாலுக்கு 0.792. அந்தக் கருவி தண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைச் சொல்லுமே ஒழிய, எந்த ஆல்கஹால் என்பதைச் சொல்லாது. மெத்தனால் ஐ.பி.ஏ.வைவிட விலை குறைவானது என்பதால், அதைக் கலப்பதற்கான தூண்டுதலும் சந்தையிலேயே இருக்கிறது. எல்லா வியாபாரிகளையும் நான் குற்றம் சொல்லவில்லை. விற்பவருக்கே தன் கேனில் இருப்பது என்னவென்று தெரியாத நிலையும் உண்டு.

மெத்தனால் உடலுக்குள் போனால் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது அந்த அமிலம்தான். பத்து மில்லி லிட்டர் அளவே பார்வையைப் பறித்திருக்கிறது. முப்பது மில்லி லிட்டர் உயிரைப் பறிக்கக்கூடியது. குடிப்பவர்களுக்குத்தானே ஆபத்து, துடைப்பவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் செல்லும் தன்மை உடையது. வினைல் அச்சடிக்கும் அறை தூசி வராமலிருக்க ஏ.சி. போட்டு எப்போதும் மூடியே இருக்கும். அதற்குள் கையுறை இல்லாமல், துணியைப் பிழிந்து பிழிந்து, பெரிய பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துடைக்கும் பையனுக்குத் தலைவலியும் கண் கூச்சமும் வந்தால், அது வெயிலால் வந்ததென்றோ தூக்கமின்மையால் வந்ததென்றோதான் எல்லோரும் நினைப்பார்கள். அதைவிட நேரடியான ஆபத்து அந்தத் தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது. சித்திரை மாத வெயிலில் ஏணியிலிருந்து இறங்கி வரும் ஒருவர், மேசையில் இருக்கும் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து ஊற்றிக்கொள்ள ஒரு நொடி போதும்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் யாரும் மறக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் நேர்ந்த சாவுகளுக்கும், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் வெளியே கசிந்ததே காரணமாகக் கூறப்பட்டது. இவற்றைத் தொடர்ந்து அரசு சட்டத்தைக் கடுமையாக்கியது சரியானதே. அதில் எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்லை. 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ், டினேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், ஃபிரெஞ்சு பாலிஷ் வார்னிஷ் ஆகியவற்றுக்காக 1959-லேயே தமிழ்நாட்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டு, உரிமம் பெற்றே அவற்றைக் கையாள வேண்டும் என்ற ஏற்பாடு இருந்துவருகிறது. தொழிற்சாலை ஆல்கஹாலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 அக்டோபர் 23 அன்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்துவிட்டதால், இந்த விஷயத்தில் மாநில அரசு தயங்கவேண்டிய சட்டச் சிக்கலும் இப்போது இல்லை.

ஆனால், நெருக்கடி வரும்போது நடப்பதையும் சொல்லியாக வேண்டும். சோதனை தீவிரமாகும் வாரங்களில், ஆல்கஹால் என்று பெயர் முடியும் எதையும் சில்லறையில் விற்க வியாபாரிகள் பயப்படுகிறார்கள். ஐ.பி.ஏ. எத்தனாலும் அல்ல, மெத்தனாலும் அல்ல. 1959 விதிகளின் தலைப்பில் அதற்கு இடமும் இல்லை. இருந்தும், விளக்கம் கேட்டு அலைய விரும்பாத வியாபாரி "சரக்கு இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அவரிடம் பில்லோடு வாங்கிக்கொண்டிருந்த ஒழுங்கான கடைக்காரர் வெறுங்கையோடு திரும்புகிறார். பில்லே இல்லாமல் விற்பவர் மட்டும் எப்போதும்போல் விற்கிறார். கட்டுப்பாடு கடுமையாகும்போது அடையாளம் உள்ள சரக்கு மறைந்து அடையாளம் இல்லாத சரக்கு மட்டும் கிடைக்குமானால், எதைத் தடுக்க அந்தக் கட்டுப்பாடு வந்ததோ அதுவே எங்கள் கடைக்குள் வந்துவிடுகிறது. அதிகாரிகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் முறையீட்டின் சாரம்.

ஐ.பி.ஏ. நம் நாட்டில் அரிதான பொருளும் அல்ல. மகாராஷ்டிரத்தின் தலோஜாவிலும் குஜராத்தின் தஹேஜிலும் அது பெரிய அளவில் தயாரிக்கப்படுகிறது. கொரோனா தொடங்கிய 2020-ல் சானிடைசர் தயாரிப்புக்காக இதற்குக் கடும் தட்டுப்பாடு வந்தது உண்மை. அந்தக் காலத்தில் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கும் பழக்கமும் எங்கள் தொழிலுக்குள் வந்து தங்கிவிட்டது. இன்றும் பல கடைகளில் பலகை துடைக்க சானிடைசர் பாட்டில் இருப்பதைக் காண்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் சானிடைசர் செய்முறையில், கை வறண்டுவிடாமலிருக்க 1.45 சதவீதம் கிளிசரின் சேர்க்கச் சொல்லப்பட்டிருக்கிறது. கைக்கு நல்லதாகிய அந்தக் கிளிசரின் பலகையில் ஆவியாகாமல் தங்கிப் பசைக்குப் பகையாகிறது. ஜெல் வகையில் அதைக் கெட்டியாக்கும் பொருளும் சேர்ந்து தங்கும். சர்ஜிகல் ஸ்பிரிட்டும் அப்படித்தான். தோலுக்காக விளக்கெண்ணெய் சேர்க்கும் செய்முறைகள் அதில் உண்டு. பழைய ஸ்டிக்கரின் பசையை எடுக்க வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்துத் துணியில் நனைப்பதும், மண்ணெண்ணெய் தடவுவதும் நம் ஊரில் சர்வ சாதாரணம். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்கிறது. பெட்ரோலின் தீ ஆபத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தின்னரோ, பிசுக்கை எடுப்பதோடு நிற்காமல் பலகையின் பெயின்ட்டையும் அச்சின் மையையும் கரைத்துவிடும்.

ஐ.பி.ஏ.விலும் எங்கும் துடைக்கலாம் என்ற எண்ணம் கூடாது என்பதை இளைய தொழிலாளர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். மேலே பாதுகாப்புப் படலம் ஒட்டி லேமினேஷன் செய்யாத சால்வென்ட் மை அச்சின் மேல் அதைப் போட்டால் மை இழுபடும். அக்ரிலிக்கில் சேதம் இன்னும் மோசமாக இருக்கும், உடனே தெரியவும் தெரியாது. லேசரில் வெட்டிய அக்ரிலிக் எழுத்தின் விளிம்பு வெப்பத்தில் உருகி உறைந்ததால் அதற்குள் ஓர் இழுவிசை அடைபட்டிருக்கிறது. அந்த விளிம்பில் ஆல்கஹால் பட்டால் அந்த இழுவிசை விடுபட்டு, மயிரிழை போன்ற வெடிப்புகள் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கிளம்பும். வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிக் கம்பி தூவியதுபோல் மின்னும். பகலில் தெரியாத அந்தக் கீறல்கள், இரவில் உள்ளே எல்.இ.டி. எரியும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அந்த எழுத்தைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. அக்ரிலிக்குக்கு மென்மையான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியுமே போதுமானவை. அக்ரிலிக்கைப் போலவே தோன்றும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் இந்த ஆல்கஹாலை ஓரளவு தாங்கும் என்பதால், இரண்டையும் பார்வையில் பிரித்தறியத் தெரியாதவர்கள் ஷீட்டின் பாதுகாப்புத் தாளில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுக் கை வைப்பது நல்லது.

தீயைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. ஐ.பி.ஏ. தீப்பற்றக்கூடிய ஆவியை 12 டிகிரி செல்சியஸிலேயே விடத் தொடங்குகிறது. தண்ணீர் கலந்த எழுபது சதவீதக் கலவைக்கும் ஏறத்தாழ 18 டிகிரி போதும். மதுரையில் மார்கழி அதிகாலையிலும் கடைக்குள் வெப்பம் அதற்குக் கீழே போவதில்லை. அதன் ஆவி காற்றைவிட இரு மடங்கு கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு பரவுகிறது. எங்கள் கடைகளில் கம்ப்ரஸரும், நீட்டிப்பு ஒயர்களின் பிளக் பெட்டிகளும் கிடப்பது தரையில்தான். ஸ்டிக்கரை வளைவுகளில் படியவைக்கும் ஹீட் கன் ஐந்நூறு டிகிரியைத் தாண்டும் காற்றை ஊதுகிறது. நானூறு டிகிரி அளவிலேயே ஐ.பி.ஏ.வின் ஆவி பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இந்த இரண்டும் ஒரே மேசையில், ஒரு கைக்கும் மறு கைக்கும் இடையே இருப்பதை அநேகமாக எல்லாக் கடைகளிலும் பார்க்கலாம். துடைத்த ஷீட்டை முழுவதும் உலரும் முன்பே லேசர் மெஷினுக்குள் வைப்பதும் அதே வகை அபாயம். ஆல்கஹாலின் தீ நீலம் பாய்ந்து மெல்லியதாக இருப்பதால், நல்ல வெளிச்சத்தில் எரிவதே கண்ணுக்குப் படாமல் போகலாம். மெத்தனாலின் தீ பகலில் அநேகமாகத் தெரியாது. துடைத்த துணிகளை மூடியுள்ள தகரப் பெட்டியில் போடுவதும், அன்றன்றைய தேவைக்கு அரை லிட்டர் மட்டும் மேசைக்கு எடுத்துக்கொண்டு மீதியை மூடிய இரும்பு அலமாரியில் வைப்பதும், வேலை நடக்கும் நேரத்தில் ஒரு சன்னலையாவது திறந்து வைப்பதும், கையில் நைட்ரைல் உறை போடுவதும், பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்றைக் கதவருகே மாட்டுவதும் பெரிய முதலீடு கேட்கும் காரியங்கள் அல்ல.

கடைக்காரர்கள் செய்யக்கூடியவை இவ்வளவுதான். மற்றதை வியாபாரிகளும் அரசும் செய்ய வேண்டும். எங்களுக்கு வினைல் ரோல், ஏ.சி.பி. ஷீட், எல்.இ.டி. மாட்யூல் விற்கும் மொத்த வியாபாரிகள் மாவட்டத் தலைநகரங்கள் அனைத்திலும் இருக்கிறார்கள். வாரம் தவறாமல் நாங்கள் அவர்களிடம் போகிறோம். ரோலோடு ஸ்க்வீஜியும் பிளேடும் விற்கும் அவர்களே, தயாரிப்பாளரின் சீல் உடைக்கப்படாத அரை லிட்டர், ஒரு லிட்டர் அளவுகளில், தயார்நிலையில் கலந்த எழுபது சதவீத ஐ.பி.ஏ.வையும் வைத்திருந்தால், குடிதண்ணீர் பாட்டிலோடு யாரும் அலைய வேண்டியதில்லை. பொட்டலமிட்ட பொருட்களின் மேல் பொருளின் பெயர், அளவு, தயாரிப்பாளர் முகவரி, விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்று 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்குக் கிடைக்கும் அந்த அடையாளம், பார்வையைப் பறிக்கக்கூடிய திரவத்துக்கும் கிடைக்க வேண்டும். ஆல்கஹாலின் சரியான பெயரும் சதவீதமும் தமிழில், பெரிய எழுத்தில், தீச்சின்னத்தோடு இருக்க வேண்டும். பெரிய கேனாக வாங்குகிறவர்கள், அந்தக் கேனின் பேட்ச் எண்ணுக்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். ஒழுங்கான வியாபாரிக்கு அதைத் தருவதில் சிரமம் எதுவும் இல்லை, தர மறுப்பவரிடம் வாங்காமல் திரும்பிவிடலாம்.

மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையிடம் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது இரண்டு. பெயரும் சதவீதமும் எழுதாத எந்த ஆல்கஹாலையும் சில்லறையில் ஊற்றி விற்பது குற்றம் என்பதைத் தெளிவாக அறிவித்து, சோதனைகளைச் சாராயம் காய்ச்சும் இடங்களோடு நிறுத்தாமல் இத்தகைய சில்லறை விற்பனைக்கும் விரிவாக்க வேண்டும். அதே அறிவிப்பில், ஐ.பி.ஏ.வைச் சீல் வைத்த சிறு பொட்டலங்களில் பில்லோடு விற்பதற்கும் வாங்குவதற்கும் என்ன தேவை, என்ன தேவையில்லை என்பதை எளிய தமிழில் ஒரு பக்க அளவில் வெளியிட வேண்டும். அந்த ஒரு பக்கம் கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் வியாபாரிக்குப் பயம் இருக்காது, சோதனைக்கு வரும் காவலருக்கும் குழப்பம் இருக்காது. ஐ.டி.ஐ.க்களிலும் திறன் பயிற்சி மையங்களிலும் இத்தொழிலைச் சார்ந்த வகுப்புகள் நடக்கும் இடங்களில், மேற்பரப்பைத் துடைப்பதற்கென ஓர் அரை நாள் ஒதுக்கினால், கம்ப்யூட்டரில் டிசைன் செய்யக் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகள், கையில் எடுக்கும் திரவத்தின் குணத்தையும் தெரிந்துகொண்டு வருவார்கள்.

தங்கள் நாளிதழ் இந்தக் கடிதத்துக்கு இடம் தந்தால், அதைப் படிக்கும் சக கடைக்காரர்கள் இன்றைக்கே தங்கள் அலமாரியைத் திறந்து, உள்ளே இருக்கும் பாட்டில்களில் எதன் மேல் சரியான பெயர் இல்லையோ அதைத் தனியே எடுத்து வைத்து, வாங்கிய இடத்தில் அது என்னவென்று எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டுகிறேன். பதில் கிடைக்காவிட்டால் அதைச் சாக்கடையில் ஊற்றவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ வேண்டாம்; மூடியை இறுக்கி, "நஞ்சு, தீப்பற்றும்" என்று எழுதி ஒட்டி, அதே விற்பனையாளரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அவர் ஏற்க மறுத்தால் காவல் நிலையத்தில் தெரிவிக்கத் தயங்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
பெயர்ப்பலகைக் கடை உரிமையாளர்,
மதுரை.